பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் செலவு எது? வாசகர் கேள்வி – பதில்

பழைய வேகக் கார்களைச் சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஏற்றபடி பேணுவது குறித்து நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். 2005-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எனக்கு முன் இரண்டு பேரிடம் இருந்த வண்டி. மீட்டர் 1,10,000 கிலோமீட்டர் காட்டுகிறது. இழுவை இன்றும் அருமையாக இருக்கிறது. முதலில் ஈ.சி.யு.வை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை, கூடுதல் சக்திக்காக ரீமேப் (மறுநிரல்) செய், அடுத்து எக்ஸாஸ்டை மாற்று என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நல்ல காரைத் தேர்ந்திருக்கிறீர்கள். 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன் என்று அந்தக் கார் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அதே விலையில் அதற்கு ஈடுகொடுக்கக் கூடியவை மிகச் சிலவே. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் வரிசையை நான் ஏற்கவில்லை. காரில் உள்ள இரும்பு கிலோமீட்டரால் தேய்கிறது; ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஆண்டுகளால் கெடுகின்றன. பாளையங்கோட்டை வெயிலில் இருபது ஆண்டு நின்ற வண்டியின் ஹோஸ்களும் புஷ்களும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகள்) சீல்களும், மீட்டர் எதைக் காட்டினாலும், இருபது ஆண்டு வயதானவையே. அவற்றின் மேல் கூடுதல் அழுத்தத்தை ஏற்றுவதுதான் ரீமேப்.

முதல் வேலை, வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இருந்தால் பில்லை நம்புங்கள்; பில் இல்லையென்றால் மாற்றப்படவே இல்லை என்று கொள்ளுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வதை இந்த ஒரு பொருளில் மட்டும் ஏற்காதீர்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்த நிலையில் நின்றுவிட, மேலே ஏறிவரும் பிஸ்டன் அவற்றில் மோதும். இருபது வால்வுகளில் எத்தனை வளைந்தன என்பதை ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் எண்ண முடியும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகிய அனைத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுங்கள். இந்த வகை எஞ்சின்களில் வந்த பழைய வாட்டர் பம்ப்களின் உள்விசிறி பிளாஸ்டிக்கால் ஆனது. அது விரிசல் கண்டு தண்டிலிருந்து நழுவினால், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் எஞ்சின் கொதித்துவிடும். உலோக விசிறி உள்ள பம்பைக் கேட்டு வாங்குங்கள். கூலன்ட்டில் போர்வெல் தண்ணீரைக் கலக்க வேண்டாம். நம் பகுதியின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அது ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும், அந்தக் காருக்கு உரிய கூலன்ட்டும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். வெவ்வேறு வகைக் கூலன்ட்களை ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, எண்ணெய். இந்த 1.8 டர்போவில் எண்ணெய் கருகிச் சேறாகத் திரண்டு, எண்ணெய்ச் சட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு வலையை அடைப்பது உலகெங்கும் அறியப்பட்ட நோய். முந்தைய உரிமையாளர்கள் மலிவான எண்ணெயை ஊற்றி நெடுநாள் ஓட்டியிருந்தால் அந்த நோய் உங்களுக்கும் சொத்தோடு வந்திருக்கும். சட்டியைக் கழற்றி வலையைக் கண்ணால் பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தை மீட்டர் வைத்து, எஞ்சின் சூடான பிறகு அளந்து பாருங்கள். அதன்பின் உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்திலுள்ள முழு சிந்தெடிக் எண்ணெயை, கையேடு சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றி வாருங்கள். அந்தச் சமயத்திலேயே நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் (உள்ளழுத்த) சோதனை செய்துவிடுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினால் இந்தக் காரில் மேற்கொண்டு பணம் போடலாம். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் மற்ற திட்டங்கள் அனைத்தையும் ஒத்திவைத்து எஞ்சினைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து வேக்குவம் ஹோஸ்கள், டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய்கள், இக்னிஷன் காயில்கள், எஞ்சின் மவுண்டுகள், முன் லோயர் ஆர்ம் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள். இவற்றை மாற்றிய பிறகு பலரும் "ரீமேப் செய்தது போல இருக்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது மிகையன்று: கசியும் ஹோஸ் வழியே இழந்த அழுத்தம் திரும்புகிறது, தளர்ந்த புஷ்ஷால் திசை தவறிய சக்கரம் நேராகிறது. ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்தும் வேலையை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்; அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது, ஷாக் அப்சார்பரும் தான் வடிவமைக்கப்பட்ட நீளத்தில் வேலை செய்யாது.

நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காருக்கான உதிரிப் பாகங்களில் பெரும்பகுதி சென்னை அல்லது கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். எல்லாப் பாகங்களும் கைக்கு வந்து, பெட்டியைத் திறந்து பாக எண்ணைச் சரிபார்த்த பிறகே காரை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். முகப்பைக் கழற்றிய நிலையில், ஒரு டென்ஷனருக்காக மாதக்கணக்கில் வண்ணார்பேட்டைப் பட்டறை வாசலில் மழையில் நிற்கும் கார், உள்ளே போனபோது இருந்ததைவிட மோசமாகத்தான் வெளியே வரும்.

இவ்வளவுக்கும் உங்கள் ஒன்றரை லட்சம் கரைந்துவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். வருத்தப்பட வேண்டாம். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைவுகள் நெருங்கிய தடம். அங்கே 150 குதிரைத்திறனே புதியவருக்கு அதிகம். அந்தத் தடம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தக் கரிவர்தன், மாருதி 800-இன் சிறிய எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, இந்தியாவில் ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்கு வழி திறந்தவர். குறைந்த சக்தியை முழுமையாகப் பயன்படுத்தக் கற்றவர்களே அங்கிருந்து மேலே போனார்கள். ரீமேப்பை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள். அதற்குள் கிளட்ச் கூடுதல் முறுக்கைத் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் 2002-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஒன்றில் ஐந்தாறு சுற்று ஓட்டியதும் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. பிட்டுக்குள் வந்து அரை மணி நேரம் நிறுத்திய பிறகு எதுவுமே நடக்காதது போல் சரியாகிவிட்டது. ஊருக்கு வந்து புது பிரேக் பேட் போட்டேன். அடுத்த முறையும் அதே கதைதான். காரணம் என்ன?
– வாசகர், தென்காசி

பதில்: நீங்கள் மாற்ற வேண்டியது பேட் அன்று, பிரேக் ஆயில். பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்க மறுத்தால் பேட் வெந்துவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போனால், குழாய்க்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றிவிட்டன என்று பொருள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் தந்த அழுத்தம் முழுவதும் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட்டது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, கோளாறும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இது மிகவும் ஆபத்தானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. மூடிய குழாய்க்குள் இருந்தாலும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகும். சாரல் காலத்தில் மாதக்கணக்கில் காற்றில் ஈரம் ததும்பும் தென்காசியில் இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. டாட் 3 தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140. டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஐந்தாண்டு மாற்றாத டாட் 3 ஆயிலோடு தடத்தில் இறங்குபவர், தண்ணீரின் கொதிநிலைக்கு நாற்பது டிகிரி மேலே மட்டும் நின்றுகொண்டு பிரேக்கை மிதிக்கிறார்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறையும் ஒவ்வொரு முறையும், ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. ஒரு சுற்றில் அப்படி மூன்று நான்கு இடங்கள் வரும். உங்கள் காரில் பின்னால் டிரம் பிரேக் என்பதால் சுமையின் பெரும்பங்கு முன் டிஸ்க்குகள் மேல் விழுகிறது. பின் டிரம்மின் தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருந்தால் முன்பக்கச் சுமை இன்னும் கூடும். ஆகவே பின் டிரம்மையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஆயிலை முழுவதுமாக வெளியேற்றி, முத்திரை உடைக்காத புது டப்பாவிலிருந்து நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றி, கையேட்டில் சொன்ன வரிசையில் நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பாதி தீர்ந்த டப்பா வேண்டாம். அதுவும் ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கானால் ஆனது, 5.1-க்கு உறவில்லாதது, மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. கடையில் எண்ணைப் படித்து வாங்குங்கள். இருபது ஆண்டான ரப்பர் பிரேக் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். காலிப்பரின் நழுவு ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறைக்கும் முன் ஆயிலை மாற்றுவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி முடித்து, நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

முழுமையான பந்தய பேட்களைச் சாலைக்கும் சேர்த்துப் போட வேண்டாம் என்பதும் என் கருத்து. அவை சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டு இறங்கியதும் முதல் வளைவில் ஒரு பள்ளிச் சிறுவன் குறுக்கே வந்தால் குளிர்ந்த பேட் உதவாது.

கேள்வி: என் 2003 மிட்சுபிஷி லான்சரில், காற்று அதிகம் போகும் என்று சொல்லித் திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் போட்டிருக்கிறேன். சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. வண்டியின் அடிப்பாகத்திலும் துரு தென்படுகிறது.
– வாசகர், திசையன்விளை

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு திறந்த ஃபில்டர் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆடிக் காற்றில் தேரி மணல் எப்படிப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் செம்மணலின் பெரும்பகுதி படிகக்கல் துகள். சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. ஃபில்டரின் அடிவிளிம்பிலோ கிளாம்பிலோ நூலிழை இடைவெளி இருந்தாலும் அது உள்ளே போய்ப் பிஸ்டன் வளையங்களை அரைக்கும். வளையம் தேய்ந்தால் எரிந்த வாயு கீழிறங்கி எண்ணெயைக் கறுக்க வைக்கும். அதோடு, திறந்த கூம்பு எஞ்சின் அறையின் வெந்த காற்றையே உறிஞ்சுகிறது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே சத்தம் கூடியிருக்குமே தவிர, மே மாதப் பகலில் சக்தி குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பெனி கொடுத்த மூடிய பெட்டியைத் திரும்பப் பொருத்தி, புதுக் காகித ஃபில்டர் போட்டு, முகப்பிலிருந்து குளிர்காற்று வரும் குழாயையும் விடாமல் மாட்டுங்கள். கம்ப்ரஷன் சோதனையும் செய்து பாருங்கள்.

துரு கடற்காற்றின் வேலை. உவரிப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். கதவுகளின் கீழ்விளிம்பிலும் படிக்கட்டுப் பகுதியிலும் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும், குச்சியால் திறந்துவிடுங்கள். ஈரம் காயாத வண்டியின் மேல் கவர் போர்த்துவது துருவுக்கு விருந்து வைப்பதாகும். தடத்தில் ஓடும் காருக்கு இது அழகு பற்றிய பிரச்சினை அன்று. ஜாக்கி வைக்கும் இடமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் துருவால் மெலிந்திருந்தால், வெல்டிங் முடியும் வரை அந்தக் காரை வேகமாக ஓட்டவே கூடாது.

கேள்வி: எங்கள் தகப்பனார் ஆசையாக வைத்திருந்த ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். எங்கள் வீட்டில் இருக்கிறது. பாகங்கள் கிடைக்காது, கொடுத்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது; நெடுஞ்சாலையில் ஓட்டலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. 100 குதிரைத்திறன் உள்ள அந்த 16 வால்வு எஞ்சினும், அந்தக் காரின் ஸ்டியரிங் கைக்குத் தரும் உணர்வும் இன்றைய சிறு கார்களில் அரிது. பாகம் கிடைக்காது என்பது பாதி உண்மைதான். பேரிங்குகளின் மேல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயில் சீல்களின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். கார்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள்; அந்த எண்ணைச் சொல்லிப் பேரிங் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். புஷ்களை லேத் பட்டறையிலும் ரப்பர் வார்ப்பவரிடமும் பழைய மாதிரியைக் கொடுத்துச் செய்துகொள்ளலாம். கிடைக்காதவை விளக்குக் கூடு, கண்ணாடி, உட்புறப் பிளாஸ்டிக் போன்றவைதாம். கழிக்கப்படும் இன்னொரு பாலியோ கண்ணில் பட்டால் அவற்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயரை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2214 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வெயிலில் இறுகிவிடும். இறுகிய ரப்பர் மழைச் சாலையில் பிடிக்காது, வேகத்தில் உரியவும் கூடும். தடத்தில் ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை நான் அனுமதிக்க மாட்டேன். நாற்கரச் சாலையில் குடும்பத்தோடு போகும் காருக்கும் ஏறத்தாழ அதே அளவுகோலைத்தான் வைப்பேன். டைமிங் பெல்ட்டைப் பற்றி முதல் கடிதத்துக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: பதினைந்து ஆண்டு முடிந்த என் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அகலமான சக்கரமும் சத்தம் கூடிய எக்ஸாஸ்டும் போட்டிருக்கிறேன். சிக்கல் வருமா? தடத்தில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: கிடைக்காது. நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசி, ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. தடத்தில் கார் உடைந்தால் அந்தச் செலவு உங்களுடையது என்று கணக்கிட்டே இறங்குங்கள்.

தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டி தகுதிச் சோதனையில் தேற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே கழற்றிய கம்பெனிச் சைலன்சர், சக்கரம், ஸ்பிரிங் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என் பரிந்துரை இதுதான்: சாலையில் கம்பெனி எக்ஸாஸ்டோடும் கம்பெனி அளவுச் சக்கரத்தோடும் ஓட்டுங்கள், தடத்துக்கென்று ஒரு ஜோடிப் பேட்களையும் நான்கு டயர்களையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் நெடுஞ்சாலை நேராக இருக்கிறது என்பதற்காக நண்பர்களோடு வேகம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்று, லாரியைத் தாண்டும் நொடியில் இலகுவான காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

கேள்வி: இ20 பெட்ரோல் (20 விழுக்காடு எத்தனால் கலந்தது) பழைய டர்போ காருக்கு ஆகுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: எஞ்சின் தாங்கும், ரப்பர்தான் தாங்காது. எத்தனால் கலப்பால் ஆக்டேன் மதிப்பு உயர்வதால் டர்போ எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் தானாகப் பற்றித் தட்டுவது) குறையும். லிட்டருக்கான ஆற்றல் ஆறு, ஏழு விழுக்காடு குறைவதால் மைலேஜ் சற்று இறங்கும். ஆனால் எத்தனால் பழைய காலத்து எரிபொருள் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் உப்பவும் விரிசல் விடவும் செய்யும். டர்போவுக்கு அருகே பெட்ரோல் கசிந்தால் தீதான். டாங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை உள்ள ஹோஸ்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றி, உயர் அழுத்தத்துக்கு உரிய கிளாம்ப் போடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் காரை நிறுத்துவதாக இருந்தால் டாங்கில் காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பி வையுங்கள். மீண்டும் எடுக்கும்போது, தடத்துக்குப் போகும் முன் ஃப்யூயல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.